மேற்குச் சுவரின் ஒன்றரை அடி

பிரியந்தனின் அப்பா பெயர் எழுதுவார், கையெழுத்துப் போடமாட்டார். இரண்டும் வேறு வேறு என்பது மொறட்டுவையில் பொறியியல் முடித்து வேலைக்கு வந்த பிறகுதான் பிரியந்தனுக்குத் தெரிந்தது. ஒட்டுசுட்டானில் உர மானியத்துக்காக அப்பா எழுத்துக் கூட்டி எழுதிக் கொடுக்கும் பெயரை எவரும் இரண்டாம் தரம் பார்ப்பதில்லை. மகன் ஒரு தாளில் இரண்டு கோடு இழுத்தால் கொங்கிறீற் லொறி உள்ளே வரும், இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பிப் போகும். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகம் கண்ட முதல் ஆள் அவன். அந்தப் பெருமையை அவன் ஒருநாளும் ஒளித்தது கிடையாது. கையெழுத்தின் கீழே முழுப்பெயர், பெயருக்குப் பின்னால் பட்டத்தின் எழுத்துகள், திகதி, நேரம் எல்லாம் எழுதுவான்.

"பிள்ளை பிறந்த மாதிரி நேரமும் போடுறார்" என்று சைற்றில் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும் என்று விட்டுவிடுவான்.

கொட்டாஞ்சேனையில், துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரிகிற ஒரு தெருவில், பழைய தேயிலைக் களஞ்சியத்தை இடித்து ஆறு மாடி எழுப்பியிருந்தார்கள். அதன் நாலாம் மாடியில் ஒரு லீசிங் கம்பனி தன்னுடைய தரவு மையத்தை அமைத்துக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான ஆட்களின் கணக்கும் அடையாள அட்டையும் வீட்டு உறுதியும் போய்க் குந்தப்போகும் இடம். தாள்களில் அதற்கு நீளமான பெயர் இருந்தது. வேலையாட்களுக்கு அது 'சேர்வர் றூம்'. அந்த அறையின் சுவர்களுக்குப் பொறுப்பாக ஒப்பந்தக் கம்பனி போட்ட ஆள்தான் பிரியந்தன்.

சுவர்தானே என்று சொல்லிவிட முடியாது. அந்த அறைக்கு ஜன்னல் இருக்கக்கூடாது. கட்டடத்தின் வெளிச்சுவர் எதுவும் அதற்குச் சுவராக வரக்கூடாது. அறைக்குள் அறையாக அது நிற்க வேண்டும். கல்லின் குழிகளுக்குள் கம்பி நிறுத்திக் கொங்கிறீற் நிரப்ப வேண்டும். எல்லாவற்றையும் விடப் பெரிய நிபந்தனை ஒன்று இருந்தது: சுவர் கீழ்த்தளத்துக் கொங்கிறீற்றில் தொடங்கி மேல்தளத்துக் கொங்கிறீற்றில் போய் முட்ட வேண்டும். நடுவில் சீலிங் வரும் போகும், சுவர் அதைக் கணக்கெடுக்கக்கூடாது.

லீசிங் கம்பனியின் பாதுகாப்பு அதிகாரி ஷிம்னா இதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டாள். முப்பது வயதிருக்கும், சத்தமாகப் பேசமாட்டாள், ஆனால் ஒரு கேள்வியை விட்டால் பதில் வரும்வரைக்கும் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"கதவுக்கு நாங்க மூணு பூட்டுப் போடுவோம். கள்ளன் என்ன, கதவாலயா வரப்போறான்? பக்கத்து ரூமுல சீலிங்கத் தூக்கிட்டு சுவருக்கு மேலால வருவான். கதவப் பத்தி எனக்குப் பயமில்ல, இஞ்சினியர். சுவரப் பத்தித்தான் பயம்."

வடக்கு, தெற்கு, கிழக்கு மூன்றையும் ஹற்றனிலிருந்து வந்த மேசன் பழனி பாஸின் ஆட்கள் கட்டினார்கள். பிரியந்தன் சாரத்தில் ஏறி, ரோர்ச் அடித்து, கடைசி வரிக் கல்லுக்கும் மேல்தளத்துக்கும் நடுவே சாந்து இறுகியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தான். அப்போது சித்திரை வருஷம் வந்தது. பழனியும் ஆட்களும் ஊருக்குப் போய்விட்டார்கள். தேநீர் போடும் பான்ட்ரியோடு ஒட்டிய மேற்குச் சுவர் மட்டும் மிச்சம். நாள் போகிறது என்று வேறொரு கூட்டத்தைப் பிடித்துக் கட்டுவித்தார்கள்.

கொழும்பில் ஒபீஸ் சுவர் கட்டுகிற பாஸ்மாருக்கு ஒரு பழக்கம் உண்டு. சீலிங் வரப்போகும் உயரத்துக்கு மேலே ஒரு வரி வைப்பார்கள், கரண்டியைக் கழுவிவிடுவார்கள். அதற்கு மேலே யார் பார்க்கப்போகிறார்கள்? ஆயிரம் ஒபீஸ் அப்படித்தான் நிற்கிறது. வந்த கூட்டமும் வழக்கப்படி கட்டிவிட்டுப் போனது.

பிரியந்தன் ஊருக்குப் போய்த் திரும்பியபோது சாரம் கிருலப்பனையில் இன்னொரு சைற்றுக்குப் போயிருந்தது. மேற்குப் பக்கம் சீலிங் தட்டுகள் அடித்து முடிந்திருந்தன. ஒரு தட்டைக் கழற்றச் சொல்லியிருக்கலாம். சீலிங் பாஸ் முகத்தைச் சுளித்திருப்பான், அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு மூன்று தரம் தொலைபேசி வந்தது, மூன்றும் அவனுடைய கம்பனியின் திட்ட முகாமையாளர் நாகேந்திரம்.

"தம்பி, லீசிங் கம்பனிச் சேர்மன்ர சாத்திரியார் நெக்கத் குறிச்சுக் குடுத்திட்டார். பொசொன் போயாவுக்கு அடுத்த நாள், காலமை ஒன்பது நாற்பத்திரண்டு. அந்த நேரம் திறப்பு விழா, பால் பொங்க வேணும். அது அசையாது. மிச்சமெல்லாம் அசையும், விளங்குதோ?"

சுவர்ப் பரிசோதனைத் தாள் மேசையில் கிடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் ஷிம்னா இருந்தாள்.

"நாலு சுவரும் ஏறிப் பாத்தீங்களா?"

"ஓம் மிஸ்."

பெயர், பட்டம், திகதி. நேரம் பதினொன்று பத்து.

பிறகு குளிரூட்டிக்கு வயர் இழுக்க ஒருவன் வந்தான். மேற்குச் சுவரில் துளை போட்டு வயரைக் கொண்டுபோய், துளையை நெருப்புத் தாங்கும் பசையால் அடைக்க வேண்டும் என்று பிரியந்தன் அவனுக்குப் படம் கீறிக் கொடுத்திருந்தான். அரைமணித்தியாலத்தில் அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"முடிஞ்சுது சேர். துளைக்கத் தேவைப்படல. மேலாலயே போட்டுட்டன்."

"எதுக்கு மேலால?"

"சுவருக்கு மேலால. பான்ட்ரிப் பக்கம் நல்லாத் திறந்து கிடக்கு."

பிரியந்தன் ஏணியில் ஏறி, வயர்க்காரன் கழற்றியிருந்த தட்டின் இடைவெளியில் தலையை விட்டான். ரோர்ச் வெளிச்சம் சுவரின் தலையைத் தொட்டு, அதற்கு மேலே தடுக்க எதுவுமில்லாமல் நேரே போயிற்று. அந்தப் பக்கத்திலிருந்து தேநீர் வாசம் வந்தது.

இது நடந்தது போயாவுக்குப் பதினொரு நாள் முன்னர். சொன்னால் சீலிங்கைப் பிரிக்க வேண்டும், ஓடத் தொடங்கிவிட்ட குளிரூட்டியை நிறுத்த வேண்டும், நெக்கத் தவறும். ஆனால் இவை எதுவும் அவனைக் குடையவில்லை. குடைந்தது அந்த 'ஓம் மிஸ்'. ஓகஸ்ட்டில் பட்டயப் பொறியியலாளர் நேர்முகம். அதற்குக் கடிதம் தரப்போகிறவர் நாகேந்திரம். ஏறிப் பாராத சுவருக்குக் கையெழுத்து வைத்த ஒருவனை அந்த மேசையில் யார் உட்கார வைப்பார்கள்? ஊரில் அவனைப் பெயர் சொல்லி அழைக்கிறவர்களே இப்போது குறைவு. 'இஞ்சினியர்ப் பொடியன்' என்றால்தான் தெரியும். அந்தச் சொல்லிலிருந்து கழன்று விழுந்தால் அவன் யார் என்று அவனுக்கே தெரியாது.

அவனுடைய அறையில் இருந்து யாருக்கும் தொலைபேசி எடுக்கவும் முடியாது. வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், சிவக்கொழுந்து அக்காவின் மேல்மாடி. ஒரு பெரிய மண்டபத்தைப் பலகைத் தட்டியால் ஐந்தாகப் பிரித்து ஐந்து பேரை இருத்தியிருந்தார். ஒரு மின்விசிறி இரண்டு அறைக்குக் காற்று வீச வேண்டும் என்பதால் தட்டிகள் முகடுவரை போகவில்லை. ஒருவர் தும்மினால் ஐந்து பேருக்கும் கேட்கும்.

ஒரு காலை, தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து கூட்டுறவுச் சங்கத்தில் ஓய்வுபெற்ற இராசரத்தினத்தின் குரல் மேலால் வந்தது.

"தம்பி, என்ன, ஒரு கிழமையாப் பிரண்டு பிரண்டு படுக்கிறீர்? காதலோ, மூட்டைப்பூச்சியோ?"

"ஒண்டுமில்லை ஐயா. வேலை."

"மூட்டைப்பூச்சி எண்டா சொல்லும். தட்டியாலதான் எனக்கும் வரும்."

பௌர்ணமி விடுமுறையான பொசொன் போயா அன்று காலை பிரியந்தன் ஒரு முடிவோடு எழும்பினான். யாருமில்லாத நாள். போய் அந்த இடைவெளியைச் சரியாக அளந்து, படமெடுத்துக்கொண்டு வருவது. பால் பொங்கி, ஆட்கள் கலைந்து, இரண்டு கிழமை போனதும் பழனியைக் கூட்டி வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டி மூடிவிடுவது. யாருக்கும் தெரியத் தேவையில்லை. வாசலில் காவலாளி பிறெடியின் புத்தகத்தில் பெயர் பதிய வேண்டும் என்பதால், வாகனத் தரிப்பிடத்துப் பின்படியால் ஏறிப் போனான்.

சேர்வர் றூம் கதவில் கார்ட்டை வைத்தபோது மணி பதினொன்று ஐம்பத்தைந்து. பச்சை எரிந்தது. கதவு திறந்து, அவனை உள்ளே விட்டு, கனமாகப் பின்னால் மூடிக்கொண்டது.

உள்ளே ஒரு பெண் தும்புத்தடியோடு நின்றாள். றோஸி. கொட்டாஞ்சேனைக்காரி, ஐம்பது தாண்டியவள், துப்புரவு வேலைக்குப் பொறுப்பு.

"அட, சேரா? போயாவுக்கும் லீவில்லையா உங்களுக்கு?"

"சின்ன அளவு ஒண்டு எடுக்க வேணும். நீங்க எப்பிடி உள்ளுக்கு?"

"பிறெடி திறந்து விட்டான். நாளைக்குப் பெரிய ஆக்கள் வருவாங்கல்ல, தரை கண்ணாடியா இருக்கணுமாம். ஒரு மணிக்கு வந்து திறந்து விடுறண்டு சொன்னான்."

அவள் இருக்கும்போது சீலிங்கைக் கழற்ற முடியாது. அவன் சும்மா அங்குமிங்கும் நடந்து, வெறும் இரும்புச் சட்டங்களாக நின்ற றாக்குகளை எண்ணுவதுபோலப் பாவனை செய்தான். பத்து நிமிடம் போயிற்று. பிறகு வருவோம் என்று கதவருகே வந்து, வெளியேறும் கார்ட் பெட்டியில் கார்ட்டை வைத்தான்.

சிவப்பு.

துடைத்து வைத்தான். சிவப்பு. அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கையளிப்பு அட்டவணை: போயா தினம் நண்பகல் பன்னிரண்டோடு ஒப்பந்தக்காரர்களின் கார்ட்டுகள் அனைத்தும் செல்லுபடியற்றவை. அந்த வரியின் ஓரத்தில் தன் சுருக்கக் கையெழுத்தை வைத்தவனும் அவன்தான். அவசரத்துக்குக் கதவைத் திறக்கும் பச்சைப் பெட்டி சுவரில் இருந்தது. ஆனால் உடைந்த கண்ணாடிக்கு மாற்று வரவில்லை என்று அதற்கு இன்னும் இணைப்புக் கொடுக்கவில்லை. நெருப்பு எச்சரிக்கை நாளை காலையில்தான் இயங்கும். தொலைபேசியில் ஒரு கோடுகூட இல்லை. இத்தனை கம்பியும் கொங்கிறீற்றும் நிரப்பிய அறைக்குள் எந்த அலை வரும்?

கதவில் தட்டினான். கையால் தட்டினான், தும்புத்தடியின் காம்பால் தட்டினான். சத்தம் அறைக்குள்ளேயே நின்றது.

"விடுங்க சேர், கை உடையப் போவுது. ஒரு மணிக்கு அவன் வருவான்."

மூலையில் கமெரா ஒன்று சிவப்புப் பொட்டோடு பார்த்துக்கொண்டிருந்தது. றோஸி அதைக் கண்டுவிட்டாள்.

"அதுல நாங்க தெரிவமா?"

"தெரிவம். கீழ பிறெடியின்ர அறையில."

அவள் தலைமயிரைக் கையால் தடவிச் சரிசெய்துவிட்டு, கமெராவுக்குக் கீழே போய் நின்று, தும்புத்தடியை இரண்டு தரம் உயர்த்திக் காட்டினாள். "டேய் பிறெடி, தம்பி, இங்க பாருடா." பிறகு திரும்பி, "அவன் தன்சலுக்குப் போயிருப்பான் சேர். சந்தியில போயாவுக்குச் சும்மா ஐஸ்கிரீம் குடுக்கிறாங்க. கியூ கோயில் வரைக்கும் நிக்குதாம்" என்றாள்.

ஒரு மணி ஆயிற்று. ஒன்றே கால் ஆயிற்று. பிறெடி வரவில்லை.

"வேற வழி இல்லையா சேர்?"

"இல்லை."

"மேலால?"

பிரியந்தன் அவளைப் பார்க்கவில்லை. "சுவர் நாலும் மேல்தளத்தில போய் முட்டுது" என்றான். அதோடு விட்டிருக்கலாம். வாய் நிற்கவில்லை. கல்லுக்குள் கம்பி எத்தனை அங்குலத்துக்கு ஒன்று, கொங்கிறீற் என்ன தரம், துளைகளை எப்படி அடைப்பது என்று கூட்டத்தில் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு போனான். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் கட்டியிருக்கீங்க. எங்க வீட்டு முகட்டால பூனை வருது, எலி வருது, பக்கத்து வீட்டுச் சண்டயும் வருது. இதுக்குள்ள ஒண்டும் வராது, என்ன?"

அவன் மனதில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிறெடி எப்படியும் ஆறு மணிச் சுற்றுக்கு மாடி ஏறுவான். ஆறு மணிவரை இருந்தால் போதும். குளிரும், பசிக்கும், அவ்வளவுதான். அந்த வழியால் போனால் பான்ட்ரிச் சீலிங் உடையும். கமெரா எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கும். இருந்துவிட்டால் 'கார்ட் வேலை செய்யவில்லை' என்ற ஒரு சிரிப்புக் கதையோடு முடிந்துவிடும். அவன் மேற்குச் சுவருக்கு முதுகைக் கொடுத்துக் குந்தினான். தான் கட்டுவித்த சுவர் முதுகில் ஐஸ்போல இருந்தது.

றோஸியின் கதை குறைந்துகொண்டே வந்தது. வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தாள். இரண்டு மணியளவில் அவளுடைய நெற்றி மினுங்குவதைக் கண்டான். பதினெட்டுப் பாகைக் குளிரில் அவளுக்கு வியர்த்துக்கொண்டிருந்தது.

"அக்கா, என்ன செய்யுது?"

"ஒரு மாதிரி வருது சேர். காலையில சீனி வருத்தத்துக்குக் குளிசை ரெண்டு போட்டுட்டு வந்தன். சாப்பாடு கீழ, பிறெடியின்ட மேசையில. ஒரு மணிக்குச் சாப்புடலாம் எண்டுதான்..."

அவளுடைய கை நடுங்கியது. பிரியந்தன் சட்டைப்பை, காற்சட்டைப்பை எல்லாம் தேடினான். அளவு நாடா, பேனை, பஸ் டிக்கட். ஒரு டொபிகூட இல்லை.

"கொஞ்சம் பொறுங்கோ. பிறெடி வந்திடுவான்."

"ம்."

ஐந்து நிமிடம் கழித்து அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். யாரோ வேறொருவரைப் பார்க்கும் பார்வை. "அந்தக் கேத்தல இறக்கி வையி புள்ள, கொதிச்சுப் போச்சு" என்றாள். பிறகு வாளியிலிருந்து மெல்லச் சரிந்தாள்.

பிரியந்தன் அவளைப் பிடித்துத் தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்தான். அதன்பிறகு கணக்கு எதுவும் ஓடவில்லை. சப்பாத்தைக் கழற்றினான். மேற்குச் சுவரோடு நின்ற றாக்கின் சட்டங்களில் கால் வைத்து ஏறி, உச்சியில் நின்று, சீலிங் தட்டைத் தோளால் முட்டித் தள்ளினான். சுவரின் தலை நெஞ்சு மட்டத்துக்கு வந்தது. கடைசி வரிக் கல்லின்மேல் சாந்துகூடப் பூசியிருக்கவில்லை. முழங்கையை ஊன்றி எக்கினான். சட்டை கிழிந்தது. மேல்தளத்துக்கும் கல்லுக்கும் நடுவில் வயிறு தேய, வயர்க்காரனின் வயர் கன்னத்தில் உரச, பாதி உடம்பு அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம் என்று கிடந்தபோது, கேட்காமலே மூளை அளந்து சொன்னது: ஒன்றரை அடி. தாராளம்.

காலை முதலில் இறக்கினான். பான்ட்ரிச் சீலிங் தட்டு உடைந்து அவனோடு கூட விழுந்தது. பான்ட்ரி மேசையில் இடுப்பு அடிபட்டது. நாளைய விழாவுக்கு அடுக்கியிருந்த கொக்கிஸ், கவும் பலகாரங்கள் எல்லாவற்றின்மேலும் வெள்ளைத் தூள் கொட்டிக் கிடந்தது. சீனிப் பேணி இருந்தது. போத்தலில் தண்ணீர் பிடித்து, சீனியைக் கை கொண்டமட்டும் கொட்டிக் குலுக்கினான். சீப்பிலிருந்து இரண்டு வாழைப்பழம் பிய்த்தான். ஓடிப்போய்ச் சேர்வர் றூம் கதவில் கார்ட்டை வைத்தான். வெளியிலிருந்தும் சிவப்புத்தான்.

உதவிக்குக் கூப்பிட்டுக் கீழே ஓடுவதா? நாலு மாடி, பிறெடி சந்தியில், தொலைபேசி உள்ளே தரையில் கிடந்தது. கதவுக்கு வெளியே நடை ஓடைக்குள் மின்வேலைக்காரர் விட்டுப்போன ஏணி நின்றது. அதைப் பான்ட்ரிக்குள் இழுத்து வந்து, போத்தலை இடுப்பில் செருகி, பழத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, வந்த வழியே திரும்பவும் உள்ளே போனான்.

தலையைத் தூக்கிப் பிடித்துச் சொட்டுச் சொட்டாகப் பருக்கினான். முதலில் கடைவாயால் வழிந்தது. பிறகு விழுங்கினாள். பத்து நிமிடத்துக்கு மேல் எடுத்தது அவளுடைய கண்கள் அவளுடைய கண்களாக வர. எழுந்து சுவரில் சாய்ந்து, அவன் உரித்துக் கொடுத்த பழத்தை மெல்ல மென்றாள். அவனுடைய கிழிந்த சட்டையைப் பார்த்தாள். மேலே, கழன்று தொங்கிய தட்டைப் பார்த்தாள்.

"எங்கால போனீங்க?"

அவன் கையைக் காட்டினான்.

"அப்ப வழி இருந்திருக்கு."

"ஓம்."

"கேக்கக்குள்ளயே தெரியுமா?"

"தெரியும்."

 றோஸி பழத்தைத் தின்று முடித்து, தோலை வாளிக்குள் போட்டாள். ஏசியிருந்தால் அவனுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

கதவு 'டக்' என்றது. பிறெடி நின்றான், ஒரு கையில் கார்ட், மறு கையில் உருகி வழியும் ஐஸ்கிரீம் கோப்பை. "றோஸி அக்கா, ஏசாதீங்க, கியூவ விட்டு வரேலாமப் போச்சு, உங்களுக்கும் ஒண்டு..." என்றவன் பிரியந்தனைக் கண்டு நிறுத்தினான். "சேர்? நீங்க எங்கால?"

மணி இரண்டு ஐம்பது. இன்னும் அரைமணித்தியாலம் பொறுத்திருந்தால் கதவே திறந்திருக்கும். அந்த அரைமணித்தியாலம் றோஸிக்கு இருந்ததா என்று கேட்டால், அதற்கு யார் கையெழுத்து வைப்பது?

பிறெடிக்குக் கதை விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் அவன் பயந்தது தன்னுடைய வேலைக்குத்தான். "சேர், இதுல என்ன இருக்கு? ஸ்டோர்ல தட்டு மிச்சம் கிடக்கு. மாத்திடுவம். கமெராவ ஆரு பாக்கப்போறா? நான் தன்சலுக்குப் போகவும் இல்ல, நீங்க வரவும் இல்ல. என்ன அக்கா?"

றோஸி வாளியைத் தூக்கிக்கொண்டாள். "என்னட்டக் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டன். கேக்கலண்டா சொல்லவும் போகமாட்டன். முதல்ல என்ன இதுக்குள்ளயிருந்து வெளியில விடுங்க."

ஓடைக்கு வந்ததும் தொலைபேசிக்கு உயிர் வந்தது. பிரியந்தன் நாகேந்திரத்துக்கு எடுத்தான். எல்லாவற்றையும் சொன்னான். 

"அந்த மனுசி இப்ப சுகமோ?"

"ஓம் சேர்."

"அப்ப பிரச்சினை முடிஞ்சுது. தட்டைப் பூட்டும். பாலைப் பொங்க விடும். ரெண்டு கிழமையால பழனியை அனுப்பிறன், சத்தமில்லாமக் கட்டட்டும்."

"மிஸ்ஸிட்ட ஏறிப் பாத்தனான் எண்டு சொன்னனான், சேர்."

"அது நீர் சொன்னது, நான் சொல்லேல்லை. தாளில கிடக்கிறது உம்மட கையெழுத்து." குரல் கொஞ்சம் இளகியது. "பிரியந்தன், நானும் ஒரு காலத்தில உம்மை மாதிரித்தான் வந்தனான். ஓகஸ்ட்டில இன்ரவியூ இருக்கு. கடிதம் நான்தானே தர வேணும். யோசியும்."

யோசிக்க என்ன இருந்தது? அவர் சொன்னதெல்லாம் அவன் பதினொரு நாளாகத் தனக்குத்தானே சொன்னவைதான். பிறெடி புதுத் தட்டைக் கொண்டு வந்து கொடுத்தான். பிரியந்தன் பான்ட்ரி ஏணியில் ஏறினான். தட்டைச் சரித்து உள்ளே விட்டு, சட்டத்தில் இறக்கினால் சரி. ஒரு நிமிட வேலை. தலை சீலிங்குக்கு மேலே போனதும் சேர்வர் றூம் குளிர் முகத்தில் அடித்தது. அதோடு குரல்களும் வந்தன. மிச்சத் தண்ணீரைத் துடைக்கப் பிறெடியை உள்ளே விட்டு, றோஸி வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

"படிச்ச பொடியன். நல்ல பொடியன்தான். ஆனா நான் கேட்டன்டா பிறெடி, வேற வழி இல்லையாண்டு. மூஞ்சியப் பாக்காம இல்லண்டான்."

"பயத்துல சொல்லியிருப்பான் அக்கா."

"எனக்கும் பயமாத்தான் இருந்திச்சு."

பக்கத்தில் நின்று சொன்னதுபோல ஒவ்வொரு சொல்லும் சுவருக்கு மேலால் வந்தது. பிரியந்தன் தட்டைக் கையில் பிடித்தபடியே நின்றான். பால் பொங்கும், சேர்மன் கைதட்டுவார், அந்த ஆயிரக்கணக்கானவர்களின் உறுதிகளும் அட்டைகளும் இந்தச் சுவரை நம்பி வந்து குந்தும். ஒவ்வொரு நாளும் அவன் கொழும்பில் எங்கே நின்றாலும் இந்தத் தட்டுக்குக் கீழேதான் நிற்பான்.

இறங்கினான். தட்டைச் சுவரோடு சாத்தினான். ஷிம்னாவின் இலக்கத்தை அழுத்தினான். அந்தப் பக்கம் பிள்ளைகளின் சத்தம் கேட்டது, விடுமுறை நாள்.

"சொல்லுங்க இஞ்சினியர்."

"மிஸ், மேற்குச் சுவர் நான் ஏறிப் பாக்கேல்லை. பாத்தனான் எண்டு உங்களுக்குப் பொய் சொன்னனான்."

பிள்ளைகளின் சத்தம் தூரப் போயிற்று. அவள் எழும்பி வேறு அறைக்குப் போயிருக்க வேண்டும்.

"சுவர் முட்டலயா?"

"இல்லை. ஒன்றரை அடி திறந்திருக்கு. சுவர் நீளத்துக்கும்."

"அதால ஒராள் வரலாமா?"

"நான் வந்தனான் மிஸ். பிறகு திரும்பி உள்ளுக்கும் போனனான்."

அந்தப் பக்கம் சாவிக்கொத்தொன்று கிலுங்கியது.  

"அங்கயே நில்லுங்க," என்றாள் ஷிம்னா. "ஒண்டையும் தொட வேணாம். மூட வேணாம். நான் கண்ணால பாக்கணும். மாளிகாவத்தையில இருந்து இப்ப வெளிக்கிடுறன்."

பிறெடி தும்புத்தடியோடு பான்ட்ரிக்குள் வந்தான். "கூட்டட்டுமா சேர்? கொக்கிஸ் எல்லாம் தூளாக் கிடக்கு."

"வேண்டாம் பிறெடி. அப்பிடியே கிடக்கட்டும்."

தொலைபேசி அடித்தது. நாகேந்திரம். பிரியந்தன் ஏணியின் கீழ்ப்படியில் இருந்து, கால் இரண்டையும் தரையில் ஊன்றிக்கொண்டு, அதை எடுத்தான்.